எழுத்துருவில் கூட்டல், கழித்தல் குறிகளை வரைவது அவ்வளவு பெரிய வேலையா? கோடுதானே?

கோடுதான். அதை எந்த உயரத்தில் போடுவது என்பதிலேயே எனக்கு ஒரு வாரம் போனது.

பாளையங்கோட்டையில் பள்ளி வினாத்தாள் அடிக்கும் ஓர் அச்சகத்துக்கு எழுத்துரு செய்துகொண்டிருந்தேன். கழித்தலுக்கும் விசைப்பலகையின் சிறுகோட்டையே அங்கே தட்டுவார்கள். ஒருநாள் அச்சக அண்ணாச்சி விடைக்குறிப்பு ஒன்றை நீட்டினார். "விடை -7" என்று இருந்தது. "இது ஏழா, கழித்தல் ஏழா? இரண்டு வாத்தியார்கள் இரண்டு விதமாகத் திருத்தியிருக்கிறார்கள்" என்றார். "விடை - 7", "கட்டணம் - 50" என்று எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. வாத்தியார்களைக் குறைசொல்ல முடியாது.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் கழித்தலுக்கென்றே தனி இடம் (2212) இருக்கிறது. சிறுகோடு சொற்களோடு சேர்ந்தது. ப, ட போன்ற எழுத்துகளின் பாதி உயரத்தில் நிற்கும். கழித்தல் எண்களோடு சேர்ந்தது. எண்களின் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். என் எழுத்துருவில் 'ப' 520 அலகு உயரம், எண்கள் 680. ஆகவே சிறுகோடு 260இல், கழித்தல் 340இல். கூட்டல், கழித்தல், சமம் மூன்றின் அகலமும் ஓர் இலக்கத்தின் அகலமே. இல்லாவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் கணக்கு கோணிக்கொள்ளும்.

பெருக்கலில்தான் அசடு வழிந்தேன். கூட்டலை 45 பாகை திருப்பிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஒரே தடிமனில் போட்டால் படுக்கைக் கோடு நிமிர்ந்த கோட்டைவிடத் தடித்துத் தெரியும். அதனால் கூட்டலில் நிமிர்ந்த கோடு 70 அலகு, படுக்கைக் கோடு 64 அலகு. திருப்பியதும் ஒரு கால் வீங்கி, ஒரு கால் சூம்பி நின்றது. குறியின் அகலமும் குறுகிவிட்டது. அழித்துவிட்டுத் தனியாக வரைந்தேன்.

சமக் குறியில் சிக்கல் இல்லை. 1557இல் வேல்ஸ் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் அதை அறிமுகப்படுத்தியபோது இரண்டு கோடுகளும் மிக நீளம். இன்று அப்படிப் போட்டால் அண்ணாச்சி காகிதச் செலவை என் தலையில் கட்டுவார்.

இப்போது கையில் இருப்பவை நம் பழைய பின்னக் குறிகள்: மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). 2019இல்தான் இவை யூனிகோடில் ஏறின. கால் (1/4) என்ற பின்னத்துக்கான குறி அப்படியே 'வ' போல இருக்கும். எண் என்று பார்த்தால் 680, எழுத்து என்று பார்த்தால் 520. இப்போதைக்கு 520இல் வரைந்து வைத்திருக்கிறேன்; பக்கத்தில் 3 வந்து நின்றால் குட்டையாகத்தான் தெரிகிறது.