இலவசப் பயிற்சி என்கிறார்கள், நம்பிப் போகலாமா?

வேலை, பயிற்சி பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஊரில் கூட்டம் போட்டு, மூன்று மாதம் தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம், முடித்ததும் கம்பெனியில் வேலை என்றார்கள். அசல் மார்க் ஷீட்டைக் கேட்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் சும்மா தருவார்கள்? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: யாரும் சும்மா தரவில்லை அம்மா, நீங்களும் நானும் கட்டும் வரிப்பணம்தான் அது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா மாதிரி தெரிகிறது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம், 15 வயதிலிருந்து 35 வரை, பெண்களுக்கு 45 வரை. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போடுகிறது. நம் மாநிலத்தில் மகளிர் குழுக்களைக் கவனிக்கும் அதே ஊரக வாழ்வாதார இயக்கம்தான் இதையும் பார்க்கிறது. ஆனால் வகுப்பு எடுப்பது அரசு இல்லை, ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள். இங்கேதான் நீங்கள் விவரமாக இருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு முழுப் பணமும் ஒரேயடியாக வந்துவிடாது, தவணை தவணையாகத்தான் வரும். பயிற்சி முடித்த பிள்ளைகளை வேலையில் சேர்த்து, அவர்கள் அங்கே மாதக்கணக்கில் சம்பளம் வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும். அதனால் ‘போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இன்றைக்கு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரின் போன் நம்பர் கொடுங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களிடம் இந்தக் கணக்கு கையிலேயே இருக்கும். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். அப்புறம், சம்பளம் 15,000 என்று சொன்னால், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். வேலை ஓசூரிலா, ஸ்ரீபெரும்புதூரிலா, இரவு ஷிப்ட் உண்டா என்பதெல்லாம் பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயங்கள். விடுதியை நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அசல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு சரி. என் சித்தி மகள் இப்படித்தான் ஒரு பயிற்சி நிறுவனத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, உடம்பு சரியில்லாமல் பாதியில் திரும்பினாள். டி.சி.யைத் திரும்ப வாங்க ஆறு முறை அலைந்தோம், அதற்குள் அந்த வருஷத்துக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லையென்றால், மூன்று மாதப் பயிற்சியைவிட அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஒன்றிரண்டு வருஷப் படிப்பு மேல் என்பதுதான் என் எண்ணம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ மாணவிகளுக்கும் கிடைக்கும்.

கேள்வி: நான் பி.எஸ்சி. முடித்து மூன்று வருஷம் ஆகிறது. டேட்டா என்ட்ரி, செல்போன் சர்வீஸ், சில்லறை விற்பனை என்று மூன்று இலவசப் பயிற்சிக்குப் போனேன். மூன்று சான்றிதழ் இருக்கிறது, வேலை இல்லை. இதெல்லாம் யாருக்காக நடத்துகிறார்கள்?
– ஒரு பட்டதாரி, பாபநாசம்

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயம். குறுகியகாலப் பயிற்சிகளில் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் நிறுவனத்துக்குப் பணம் போகிறது. அப்படியானால் எந்தப் படிப்பு நடத்துவது சுலபம்? நாலு கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாடியில் போட்டால் டேட்டா என்ட்ரி வகுப்பு ரெடி. அறுப்பு மெஷின் ரிப்பேர் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் ஷெட் வேண்டும், பிரித்துப் போட ஒரு இன்ஜின் வேண்டும், கையில் கிரீஸ் பட்ட ஒரு மெக்கானிக் வாத்தியாராக வர வேண்டும். யார் மெனக்கெடுகிறார்கள்?

ஆனால் நம் ஊரின் தேவை அதுதானே. குறுவை அறுவடையில், வானம் கருத்துக்கொண்டு வரும் நேரத்தில் செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுப்பு மெஷின்) ஒன்று வயலில் நின்றுவிட்டால் மெக்கானிக்குக்காக எத்தனை பேர் வரப்பில் காத்துக் கிடக்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வண்டியும் வெளி மாவட்டம், ஓட்டுபவரும் வெளி மாவட்டம், ரிப்பேர் பார்ப்பவரும் வெளி மாவட்டம். போர் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர், ரைஸ் மில் மெஷின் தெரிந்தவர், ஏசி மெக்கானிக் யாரையும் கூப்பிட்ட அன்றே பிடிக்க முடிவதில்லை. பொதுப்பணம் இங்கே செலவாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவது சான்றிதழுக்குப் போகாதீர்கள். டிகிரி முடித்துவிட்டு ஐடிஐயா என்று கூச்சப்பட வேண்டாம், ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம். டீசல் மெக்கானிக் ஒரு வருஷம், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள், மின்சார வண்டி, கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷின், ரோபோ எல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். முடித்த கையோடு அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியிலேயே வேலை பழகும் பயிற்சி. 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையிலும் எடுக்கிறார்கள்.

கூடவே ஒரு வேலை செய்யுங்கள். உங்களைப் போல நாலைந்து பேர் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில், பாபநாசம் பக்கம் அறுவடை இயந்திர மெக்கானிக் பயிற்சி வேண்டும் என்று மனு கொடுங்கள். எந்தப் பயிற்சி வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கேட்காதவரை, டேட்டா என்ட்ரிதான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: எனக்கு 42 வயது. நாற்றுப் பறித்து நட்டே பழக்கப்பட்டவள். இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது, பாதி வயலில் நேரடி விதைப்பு. படிப்பு ஐந்தாவது. என்னை மாதிரி ஆட்களுக்கு ஏதாவது பயிற்சி உண்டா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: உண்டு சகோதரி. மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஆர்செட்டி என்றால் வங்கியில் வழி சொல்வார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் முடியும் பயிற்சிகள், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கடன் வாங்க உதவி செய்வதோடு, முடித்த பிறகும் இரண்டு வருஷம் தொழில் எப்படிப் போகிறது என்று விசாரிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. உங்கள் ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, காளான், மண்புழு உரம் மாதிரி என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் போகிறாள் என்று தையலுக்குப் போகாதீர்கள், ஒரே தெருவில் பதினைந்து பேர் தைத்தால் துணி கொடுக்க ஆள் வேண்டுமே. முப்பது வருஷமாக வயலைப் பார்த்த கண் உங்களுடையது. மெஷின் நடவுக்கும் பாய் நாற்றங்கால் (பாய் மாதிரி எடுக்கும்படி வளர்க்கும் நாற்று) விட்டுத்தான் ஆக வேண்டும், அதை உங்கள் குழுவே சேர்ந்து போட்டு ஏக்கர் கணக்கில் விற்கலாம். பயிற்சி கேட்கும்போது இதையே கேளுங்கள்.

கேள்வி: ஐயாயிரம் கொடுத்தால் வகுப்புக்கே போகாமல் அரசுப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: வேண்டாம். உங்கள் ஆதார் எண்ணில் பயிற்சி முடித்ததாகப் பதிவு ஏறிவிடும், நாளைக்கு உண்மையாகவே படிக்கப் போனால் அதுவே குறுக்கே நிற்கும். அந்த இருக்கைக்கு அரசு கொடுக்கும் பணமும் அவருக்கு, உங்கள் ஐயாயிரமும் அவருக்கு. மாவட்டத் திறன் மேம்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.