தராசுப் பக்கத்தில் பேசாதீர்கள்

வணக்கம் ஐயா,

கோத்தகிரிக்குப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா போன பிறகு நான்தான் பார்க்கிறேன். இலை எடுக்கும் ஏஜென்ட் எனக்கு மாமா முறை. மழையென்றால் ஈரம், வெயிலென்றால் முற்றல் என்று நூற்றுக்குப் பத்து கிலோ கழிக்கிறார். கேட்டால் எல்லார் முன்னாலும் கத்துகிறார்: "உங்கப்பன் ஒரு வார்த்தை கேட்டதில்ல, நீ கணக்குக் கேக்க வந்துட்டியா?" வீட்டுக்கு வந்தால் பிரியமாகத்தான் பேசுவார். எனக்கு வாயடைத்துப் போகிறது. இவரிடம் எப்படிப் பேசுவது?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

மாமாவைக் கோபக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கோபக்காரர் வீட்டிலும் கத்துவார். இவர் எடை போடும் இடத்தில் மட்டும் கத்துகிறார். பறித்த இலை சாக்கிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றைக்கே பேக்டரி போயாக வேண்டும். வண்டி நிற்கிறது, பின்னால் ஆள் நிற்கிறது. அந்த நேரத்தில் 'உங்களுக்கு இலை இல்லை' என்று உங்களால் சொல்ல முடியாது. அது அவருக்குத் தெரியும். அங்கே எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் எடுபடாது. எடையையும் கழிவையும் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேச்சை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளுங்கள். பனியில் கொழுந்து குறையும், பேக்டரிகள் இலை தேடி அலையும். மே, ஜூனில் 'போதும்' என்று திருப்பி அனுப்புவதும் இதே பேக்டரிகள்தான்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று: மாமாவிடம் அப்பா காலத்தில் வாங்கிய முன்பணம் ஏதாவது நிற்கிறதா? நின்றால், அந்தப் பத்து கிலோதான் வட்டி. அதை அடைக்காமல் கழிவைப் பேசிப் பயனில்லை. இன்னொரு பக்கம், சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு பேக்டரிகளுக்கான இணையமான இண்ட்கோசர்வில் சேர்ந்த பேக்டரிகளில் உங்களுக்குப் பக்கமானது எது, உறுப்பினராக என்ன வேண்டும் என்று விசாரியுங்கள். மாமாவிடம் இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். விசாரித்தது அவர் காதுக்குத் தானாகப் போய்விடும், நம் ஊரில் அதற்கு ஒரு நாள் போதும்.

பிறகு அவர் வீட்டுக்கே போங்கள், அத்தை இருக்கும் நேரமாக. மழை இலையில் தண்ணீர் நிற்பது உண்மை. கழிவே கூடாது என்று ஆரம்பித்தால் நியாயம் அவர் பக்கம் போய்விடும். கத்தரியால் வெட்டுகிறீர்களா, ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றல் என்பது முழுப் பொய்யாக இருக்காது. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சை இலை விலையும் கையில் இருக்கட்டும்.

"ஈரத்துக்கு இவ்வளவு, முற்றலுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம் மாமா. பேக்டரி உங்ககிட்ட எவ்வளவு கழிக்குது? அந்தச் சீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் அப்பாவை இழுத்தால் பதில் சொல்லாதீர்கள். சொன்னால் பேச்சு அப்பாவைப் பற்றியதாகிவிடும், எடை மறந்துபோகும்.

பத்து ஐந்தானால் ஒத்துக்கொள்ளலாம். எடைச் சீட்டில் கழிவைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் கூட்டுறவு பேக்டரிக்கு விண்ணப்பம் போடுங்கள்.