ஜிஎன்எம் முடித்தவர் கோச்சிங் போகாமல் என்க்ளெக்ஸ்-பிஎன் தேர்வுக்குத் தயாராக முடியுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து நான்கு வருடம் வார்டில் வேலை. கணவர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே போய் எல்பிஎன் (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) ஆக வேலை பார்க்க வேண்டும். அதற்கு என்க்ளெக்ஸ்-பிஎன் என்ற உரிமத் தேர்வு எழுத வேண்டும். கோச்சிங் இல்லாமல் வீட்டிலிருந்தே படித்தால் போதுமா?

பதில்: போதும். ஆனால் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால், நீங்கள் போகப்போகும் மாநிலத்தின் நர்சிங் போர்டிடம் உங்கள் மூன்று வருடப் படிப்பை எதற்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். ஜிஎன்எம் முடித்தவரை ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ், எல்பிஎன்னுக்கு மேல்நிலை) தேர்வுக்கே அனுமதிக்கும் மாநிலங்கள் உண்டு. அப்படி வழியிருந்தால் ஆர்என் எழுதுவதுதான் லாபம். நர்ஸ்களுக்கு ‘ஷெட்யூல் ஏ’ என்ற பிரிவில் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) கிடைக்கும் வழி ஆர்என்களுக்குத்தான், எல்பிஎன்களுக்குக் கிடையாது. கணவரின் விசாவில் போகிறீர்கள் என்றால், அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி தேர்வு. கம்ப்யூட்டரில் 5 மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அதில் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று உங்களுக்குத் தெரியாது. பதில் சொல்லச் சொல்லக் கேள்வியின் கடினம் ஏறி இறங்கும். தாண்டிப்போன கேள்விக்குத் திரும்ப முடியாது. 2023 ஏப்ரலிலிருந்து கேஸ் ஸ்டடி வருகிறது: ஒரே நோயாளி, ஆறு கேள்வி. ‘பொருந்துவன எல்லாம் தேர்ந்தெடு’ வகையில் சரியானதற்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறானதற்கு ஒன்று குறையும். அதனால் ‘இதுவும் இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஒரு டிக் போடும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

உங்களைப் போல வார்டு பார்த்தவர்கள் தோற்பது பெரும்பாலும் பாடம் தெரியாமல் இல்லை. கை பழகிய வழக்கம் கேள்விக்குள் புகுந்துவிடுகிறது. அதனால் என் கணக்கில் தயாரிப்பில் பாதி, இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்றுவதுதான்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு ஆஸ்பத்திரியில் கையாண்ட வயல் (மருந்துக் குப்பி) ஒரு மில்லியில் 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச். அமெரிக்காவில் வழக்கமானது ஒரு மில்லியில் 100 யூனிட், ஆரஞ்சு மூடி. 20 யூனிட் என்றால் நமக்கு அரை மில்லி, அங்கே 0.2 மில்லி. அந்த வயலிலிருந்து பழைய கைக்கணக்கில் அரை மில்லி எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பார். மில்லியை மனப்பாடமாக வைத்திருக்காதீர்கள். ஆர்டரில் உள்ள யூனிட்டை வயலில் எழுதியிருக்கும் அளவால் வகுத்துப் பழகுங்கள்.

ட்ரிப் கணக்கும் அப்படித்தான். மில்லிக்கு 20 சொட்டு என்று நம் மனதில் ஊறிப்போயிருக்கும். அங்கே மில்லிக்கு 10, 15, 20 சொட்டு என வெவ்வேறு ட்ரிப் செட்டுகள் உண்டு, எது என்பது கேள்வியிலேயே இருக்கும். 1000 மில்லி 8 மணி நேரத்தில், 15 சொட்டு செட் என்றால், 1000 × 15 ÷ 480 = 31.25, அதாவது நிமிடத்துக்கு 31. பழக்கத்தில் 20 போட்டால் 42 வந்து நிற்கும். குழந்தையின் எடை பவுண்டில் வந்தால் 2.2 ஆல் வகுத்துக் கிலோ ஆக்குங்கள். 33 பவுண்டு என்றால் 15 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம். மருந்து 5 மில்லியில் 160 மில்லிகிராம் என்றால் 4.6875, விடை 4.7 மில்லி. இடையில் எங்கும் ரவுண்டு செய்யாதீர்கள், கடைசியில் மட்டும், கேள்வி சொன்ன இடம் வரை.

மருந்துப் பெயர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அல்புடெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின்.

அடுத்தது யார் என்ன செய்வது. தேர்வில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான். 2023 தேர்வுத் திட்டத்தில் ‘கோஆர்டினேட்டட் கேர்’ என்ற இந்தப் பகுதி மட்டும் 18 முதல் 24 சதவீதம். நம் வார்டில் ஒரே சிஸ்டர் அட்மிஷன் பார்ப்பார், ரத்தம் ஏற்றுவார், டிஸ்சார்ஜ் அட்வைஸும் சொல்வார். பிஎன் கேள்வியில் முதல் மதிப்பீடு, முதல் முறை சொல்லித்தருவது, ரத்தம் ஏற்றத் தொடங்குவது எல்லாம் ஆர்என் வேலை. நிலையாக உள்ள நோயாளியைக் கவனிப்பது, தகவல் சேகரிப்பது, மாற்றம் தெரிந்தால் ஆர்என்னிடம் சொல்வது உங்கள் வேலை. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவதை உதவியாளரிடம் விடக்கூடாது. நம்மிடம் கூட இருக்கும் உறவினரே ஊட்டிவிடுவதால் இந்தக் கேள்வியில் கை தானாகத் தவறான விடைக்குப் போகும்.

உறவினர் விஷயத்தில் இன்னும் இரண்டு. இந்தி மட்டும் பேசும் சௌகார்பேட்டைப் பாட்டிக்கு மகள் மொழிபெயர்ப்பது நமக்கு இயல்பு. தேர்வில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் சரி. ‘அப்பாவுக்குக் கேன்சர் என்று சொல்லாதீங்க சிஸ்டர்’ என்று மகன் கேட்டால் நாம் தலையாட்டுவோம். தேர்வில் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளியுடையது, சம்மதக் கையெழுத்தும் அவருடையது.

‘முதலில் என்ன செய்வீர்கள்?’ என்றால் ஹவுஸ் சர்ஜனைக் கூப்பிட மனசு ஓடும். கையால் உடனே செய்ய ஏதாவது இருந்தால் அதுதான் முதல். மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள், புதுக் குழாயில் நார்மல் சலைன் ஓடட்டும், பிறகு சொல்லுங்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரியில் போஸ்டிங் பார்த்திருந்தால் பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை கொழகொழவென்று இருப்பதைக் கையில் உணர்ந்திருப்பீர்கள். முதலில் மசாஜ். வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது, காலி செய்ய வையுங்கள். ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரி பார்த்தவர்களுக்குக் காற்றுவழித் தொற்று எளிது: டிபி, தட்டம்மை, சின்னம்மை மூன்றுக்கும் தனி அறை, என்95. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கில் ஹேண்ட் ரப் போதாது, அதன் ஸ்போர் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

படிப்பதற்கு மூன்று மாதம் வையுங்கள். தினம் 50 கேள்வி, அதற்குமேல் வேண்டாம். போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு விளக்கம் படிக்க வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, வார்டு பழக்கம். மூன்றாவது நிறைய வந்தால் பாடப்புத்தகம் எவ்வளவு படித்தாலும் மதிப்பெண் நகராது. அந்த வகைக் கேள்விகளையே திரும்பத் திரும்பப் போடுங்கள். நைட் டியூட்டி முடித்த காலையில் படிக்க உட்காராதீர்கள், தூங்குங்கள். கடைசி மாதத்தில் இரண்டு முறையாவது 150 கேள்வியையும் ஒரே மூச்சில் போட்டுப் பாருங்கள். வீட்டில் சத்தம் என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி பொதுப் படிப்பு இடத்தில் உட்காரலாம்.

இன்னொன்று, இனிஷியல். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் சான்றிதழில் ‘கே. லட்சுமி’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். இந்தப் பெயர் சரியில்லாமல் தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் கட்டிய பதிவுக் கட்டணம் 200 டாலர் போய்விடும். நர்சிங் கவுன்சில் பதிவு, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.