வாசகர் கேள்வி: 'ஹவ் ஆர் யூ' கேட்டுவிட்டு நிற்காமல் போகிறாரே!

கேள்வி: அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா பார்க்கும்போதெல்லாம் 'ஹவ் ஆர் யூ' என்கிறார், நான் வாயெடுப்பதற்குள் நடையைக் கட்டிவிடுகிறார். 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று கூப்பிட்டேன், 'ஷ்யூர்' என்றார். மூன்று மாதமாகியும் எட்டிப் பார்க்கவில்லை. நம்மை மட்டமாக நினைக்கிறார்களா?
– வாசகி, கொலம்பஸ், ஒஹையோ

பதில்: அப்படி இல்லைங்க. நம் ஊரில் எதிரே வருகிறவரிடம் 'என்ன, சாப்டாச்சா?' என்று கேட்கிறோமே, அவர் நின்று என்ன குழம்பு, என்ன பொரியல் என்று சொல்ல ஆரம்பித்தால் நாமே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவோம். அதே கணக்குதான். 'குட், ஹவ் ஆர் யூ' என்று திருப்பிச் சொல்லிவிட்டு நீங்களும் நடக்கலாம்.

வீட்டுக்குக் கூப்பிட்டது வேறு விஷயம். 'ஒரு நாள்' என்றால் அவர்கள் காதில் அது அழைப்பாகவே விழாது, நல்ல வார்த்தை சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் கதவைத் தட்டுவதும் அவர்களுக்குக் கூச்சம். நானும் முதல் வருஷம் பிட்ஸ்பர்க்கில் உங்களைப் போலவே புழுங்கியிருக்கிறேன். அப்புறம் ஒரு தோழி சொல்லி, எதிர்வீட்டுப் பெண்ணிடம் 'சனிக்கிழமை மூன்று மணிக்கு டீ குடிக்க வர முடியுமா?' என்று கேட்டேன். சரியாக மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. மெதுவடையை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நாலரைக்கு எழுந்து போய்விட்டார். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு நன்றி அட்டை வந்தது, இருபதடி தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, தபால்தலை ஒட்டி, கையால் எழுதி அனுப்பியிருந்தார். இன்னும் அதை வைத்திருக்கிறேன். நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிடுங்கள், வருவார்.

கேள்வி: கணவர் ஆபீஸில் பாட்லக், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்து. அதற்கு விடியற்காலை எழுந்து புளியோதரை செய்து கொடுத்தேன். பாதிப் பேர் தொடவே இல்லையாம். அழுகையாக வந்தது.
– வாசகி, டாலஸ்

பதில்: வராமல் என்ன செய்யும். ஆனால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு அட்டை வைத்தீர்களா? அங்கே சிலருக்கு ஒரே ஒரு வேர்க்கடலை போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்து, உடனே ஊசி போட்டுக்கொண்டு அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட வேண்டிவரும். எள்ளும் சிலருக்கு ஆகாது. 2023 முதல் எள்ளையும் முக்கிய அலர்ஜிப் பொருளாகப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் புளியோதரையில் வேர்க்கடலையும் உண்டு, நல்லெண்ணெயும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சோற்றைப் பார்த்தால் அவர்கள் ஒதுங்கத்தான் செய்வார்கள், அது உங்கள் கைப்பக்குவத்தின் குறை இல்லை. அடுத்த தடவை கடலை போடாத எலுமிச்சை சாதம் செய்யுங்கள். பெயர், போட்ட பொருள்கள், காரம் எவ்வளவு, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: கணவர் வேலை விசாவில் வந்தவர், மனைவி என்பதால் எனக்கு எச்-4 விசா. வேலைக்குப் போக முடியவில்லை, கார் ஓட்டத் தெரியாது. கணவர் கிளம்பியதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
– வாசகி, மிச்சிகன்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கணவரின் கிரீன் கார்டுக்காக (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) அவர் கம்பெனி போடும் ஐ-140 என்ற மனு ஒப்புதலாகியிருந்தால் நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 2015-லிருந்து இந்த வழி இருக்கிறது. ஆகவில்லை என்றாலும் எச்-4-இல் படிக்கத் தடையில்லை. பொது நூலகத்துக்குப் போங்கள். பல ஊர்களில் அங்கே இலவசமாக ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு நடக்கிறது, உங்களைப் போலவே வீட்டில் தனியாக இருக்கும் சீன, மெக்சிகோ பெண்களும் வருவார்கள். லைசென்ஸையும் தள்ளிப்போடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (அங்கே அரசாங்கம் ஆளுக்கு ஒன்றாகத் தரும் அடையாள எண்) இல்லாவிட்டாலும், 'இவருக்கு எண் தர இயலாது' என்று அந்த அலுவலகம் ஒரு கடிதம் தரும், பெரும்பாலான மாநிலங்களில் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஓட்டும்போது ஸ்டாப் பலகை கண்டால், தெருவில் ஒரு ஈ காக்கா இல்லாவிட்டாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வருகிறவர்களும் நிற்க வேண்டும். பனி கொட்டத் தொடங்குவதற்குள் கற்றுக்கொண்டுவிடுங்கள், ஜனவரியில் மிச்சிகன் ரோட்டில் ஆரம்பப் பாடம் வேண்டாம்.