உலக சுகாதார அமைப்பின் ஓட்டுகளில் நாடுகள் பேரம் பேசுமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பேசும். கேள்வியைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. பரீட்சையில் எழுத இது உதவாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 மே மாதம் காசநோய்க்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் சார்பில் ஜெனீவாவுக்கு, உலக சுகாதாரப் பேரவைக்கு (அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டம்) போயிருந்தேன். மாடத்தில் ஒரு இடம், கழுத்தில் ஒரு அட்டை, அவ்வளவுதான் என் தகுதி. 'நீ என்ன தூதரா?' என்று கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிடலாம்.

தொடக்கத்திலேயே தைவான் விவகாரம். தைவான் தன் பகுதி என்கிறது சீனா; அதனால் தைவான் அந்த அமைப்பில் உறுப்பினர் இல்லை. 2009 முதல் 2016 வரை 'சைனீஸ் தைபே' என்ற பெயரில் பார்வையாளராக வந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஆட்சி மாறி, சீனாவுக்குப் பிடிக்காத கட்சி வந்தது. 2017லிருந்து அழைப்பு இல்லை. தைவானை அழைக்கும் விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி அதன் நட்பு நாடுகள் வருஷா வருஷம் கேட்கும், வருஷா வருஷம் தள்ளுபடி ஆகும். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ள நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன். ஓட்டெடுப்பே நடக்கவில்லை. 1997ல் இதே கோரிக்கைக்கு ஓட்டு எண்ணியபோது எதிராக 128, ஆதரவாக 19. 2004ல் அமெரிக்காவே ஆதரித்தும் 133க்கு 25தான்.

அன்று காபி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சின்னத் தீவு நாட்டுப் பிரதிநிதி. டாக்டர். பேச்சு டெங்குவில் ஆரம்பித்துத் தைவானுக்குப் போனது. அவருடைய ஆஸ்பத்திரியில் தைவான் டாக்டர்கள் வேலை பார்த்தார்களாம். அவர் நாடு தைவானோடு இருந்த தூதரக உறவை விட்டுச் சீனா பக்கம் மாறியதும் மூட்டை கட்டிவிட்டார்கள். "ஒருத்தர் இன்னமும் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புகிறார்" என்றார். அப்படியானால் உள்ளே நீங்கள் ஏதாவது பேசலாமே என்றேன். "எனக்குத் தலைநகரிலிருந்து வந்தது ஒரே வரி: வாய் திறக்காதே."

பேரமெல்லாம் அங்கேதான், தலைநகரங்களில், துறைமுகம், கடன், ஸ்டேடியம் என்று பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. சுகாதார அமைச்சகத்துக்குக் கடைசியில்தான் தெரியும். மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸ் அந்த மார்ச்சில்தான் சீனாவுக்கு மாறியிருந்தது.

ரகசிய வாக்கு என்றால் கதையே வேறு. 2017ல் டெட்ரோஸ் 133, டேவிட் நபாரோ 50 என்று தலைமை இயக்குநர் தேர்தல் முடிந்ததே, அந்த மாதிரி இடத்தில் ரெண்டு பக்கமும் 'உங்களுக்குத்தான்' என்று தலையாட்டிவிட்டு வரலாம். கையைத் தூக்க வேண்டிய இடத்தில் அது முடியாது. நான் சீனாவுக்கும் ஆள் இல்லை, தைவானுக்கும் ஆள் இல்லை. கமெண்டில் அந்தச் சண்டை வேண்டாம்.

அப்புறம், அந்த டாக்டருக்கும் சேர்த்துக் காபிக்கு நான்தான் பணம் கொடுத்தேன். ஊருக்கு வந்து ரசீதை நீட்டினால், பிரெஞ்சில் இருக்கிறது, மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி வா என்றது எங்கள் கணக்குப் பிரிவு. அங்கே விற்கிற விலைக்கு ரெண்டு காபி! ரசீது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, மை மட்டும் அழிந்துவிட்டது.