ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கும்போது: கேள்வி பதில்

காத்திருந்து ஜெபிப்பதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

என் கணவர் குடியிலிருந்து விடுதலை பெற வேண்டும் என்று ஒன்பது வருடங்களாக ஜெபிக்கிறேன், ஐயா. "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சபையில் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முழங்காலில் நிற்கவே மனம் வரவில்லை.

சகோதரி, உங்கள் விசுவாசத்தை அளந்து தீர்ப்புச் சொல்லும் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேதுரு சிறையில் இருக்கிறார், சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. விடுதலையான பேதுருவே வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவர் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? "நீ பிதற்றுகிறாய்." கேட்டது வாசலில் நிற்கிறது, நம்பத்தான் ஆளில்லை. அவர்களுடைய ஜெபத்துக்குத்தான் பதில் வந்தது.

லூக்கா 18-ல் நீதிபதியிடம் நியாயம் கேட்டு அலையும் விதவையின் உவமையையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அலைந்து அலைந்து தொந்தரவு கொடுத்தால்தான் தேவன் இரங்குவார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தேவனுக்குப் பயப்படாத, மனிதரை மதிக்காத ஒரு நீதிபதியே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குப் பிதா செய்யமாட்டாரா என்பதுதான் இயேசுவின் கேள்வி. அந்த நீதிபதியும் தேவனும் ஒன்றல்ல என்பதில்தான் உவமையின் உயிரே இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு அவர் கைநீட்டுகிறவராக இருந்தால், நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்தும் அவருக்காக ஜெபிக்கலாம். அடி வாங்கிக்கொண்டிருப்பது பொறுமையோடு ஜெபிப்பதில் சேராது.

ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு நன்றி மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்கிறார்களே?

அப்படியானால் சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது? இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார்.

தீர்க்கதரிசி எலியாவையும் பாருங்கள். கர்மேல் மலையில் அவர் செய்த சிறிய ஜெபம் ஒன்றுக்கு வானத்திலிருந்து உடனே அக்கினி இறங்கியது. அதே நாளில், அதே மலையில், மழைக்காக அவர் தரையில் பணிந்து, முகம் முழங்கால்களில் படக் குனிந்து கிடக்கிறார். கடலைப் பார்த்துவரச் சொல்லி வேலைக்காரனை அனுப்புகிறார். "ஒன்றும் இல்லை" என்று வந்து நிற்கிறான். மறுபடியும் போகச் சொல்கிறார். ஏழாம் முறைதான் உள்ளங்கை அத்தனை சிறிய மேகம் தெரிகிறது. இத்தனைக்கும் மழையைக் கட்டளையிடுவேன் என்று கர்த்தர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்! ஒரே மனிதர், ஒரே நாள். ஒரு ஜெபத்துக்கு உடனடிப் பதில், இன்னொன்றுக்கு ஏழு முறை. இதில் அவருடைய விசுவாசம் எங்கே குறைந்தது?

வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6-ல் இயேசு கண்டித்தது உண்மை. அதிகம் பேசினால் கேட்கப்படும் என்ற எண்ணத்தைத்தான் அவர் கண்டித்தார். இருதயத்தில் இருக்கும் ஒரே பாரத்தை நூறாவது முறை சொல்வது அதில் அடங்காது.

வேலைக்காக ஜெபித்துக்கொண்டே எல்லா இடங்களிலும் விண்ணப்பம் போடுகிறேன். இது இரண்டு மனமா?

இல்லை, தம்பி. எருசலேமின் அலங்கத்தைத் திரும்பக் கட்டும்போது எதிரிகள் வந்தார்கள், அப்போது நெகேமியா தேவனிடம் ஜெபித்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன (4:9). அவரும் காத்திருந்தவர்தான். எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டது கிஸ்லே மாதத்தில், தான் பணிசெய்த பெர்சிய ராஜாவிடம் வாய்திறந்தது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதங்கள்! தொடர்ந்து விண்ணப்பம் போடுங்கள்.

மகன் சபையை விட்டே போய்விட்டான். வெளியூர் போகக் கூடாது என்று உபவாசித்து ஜெபித்தேன். அதற்கும் பதிலில்லை, போய்விட்டான்.

அம்மா, உங்களுக்கு முன்பே இந்த வழியில் ஒரு தாய் நடந்திருக்கிறார். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா. மகன் விசுவாசத்தை விட்டு விலகி வருடக்கணக்காகிவிட்டது. 383-ல் மகன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குப் புறப்படத் துணிந்தபோது, தாய் கடற்கரைவரை போய்ப் பிடித்துக்கொண்டார். நண்பனை வழியனுப்பவே வந்திருக்கிறேன் என்று மகன் பொய் சொன்னார். கப்பல் நின்ற இடத்துக்கு அருகே இரத்தசாட்சியான சிப்ரியான் பெயரில் ஒரு ஆலயம் இருந்தது. அன்றிரவு தாய் அங்கே தங்கி, அவன் போகக் கூடாது என்று அழுது ஜெபித்தார். காற்று திரும்பியது, கப்பல் போய்விட்டது. காலையில் பார்த்தால் மகன் இல்லை.

அந்தப் பயணம்தான் அவரை ரோம் வழியாக மிலானுக்குக் கொண்டுபோனது. அங்கே அந்நகரப் பேராயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டார். 387-ல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே, அன்றிரவு கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை என்று பிற்காலத்தில் மகனே எழுதினார்.

உங்கள் மகனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அப்படிக் கொடுக்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் அவன் போனதையே "இல்லை" என்ற பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொலைபேசியில் பேசும்போது பிரசங்கமும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

நாற்பது நாள் உபவாசம் இருந்தால் பதில் சீக்கிரம் வருமா?

தேவனுக்கு எதிராக உண்ணாவிரதப் போராட்டம் நடத்த முடியாது. உபவாசம் நல்லது, ஆனால் அதை நெருக்கடியாக்கினால் ஏசாயா 58-ல் வரும் கடிந்துகொள்ளுதல்தான் கிடைக்கும். நீரிழிவு போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தைத் தொடங்கவே கூடாது.

அப்பாவின் சுகத்துக்காகக் குடும்பமாக ஜெபித்தோம். இறந்துவிட்டார். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடத் தோன்றுகிறது.

போய்விடுங்கள், தவறில்லை. முதல் கேள்வியில் சொன்ன அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோட்டார்கள். பேதுரு தப்பினார், யாக்கோபு தப்பவில்லை. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? ஏன் இப்படி என்று அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எழுதாத காரணத்தை நான் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை. சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களைப் போல அது துதியில் முடியாது, இருளில் முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

எப்போது நிறுத்தலாம், ஐயா? எதை வைத்து அறிவது?

இதற்குச் சூத்திரம் கிடையாது. யோர்தானைக் கடந்து போக வேண்டும் என்று மன்றாடிய மோசேயிடம், "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று கர்த்தரே சொல்லிவிட்டார் (உபாகமம் 3:26). பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தபின் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவர் மனந்திரும்ப ஒன்றரை வருடம், இரண்டாமவருக்கு மேலும் ஐந்து, மூன்றாமவருக்கு மேலும் ஆறு வருடங்கள் ஆயின. மற்ற இருவருக்காக 36 வருடங்கள் கழித்தும் ஜெபித்துக்கொண்டிருந்தார். போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நிறுத்தச் சொல்லித் தெளிவான பதில் வராதவரை கேளுங்கள் என்பதே என் கருத்து. களைப்பு அந்தப் பதில் ஆகாது. அதேசமயம், இன்னொருவரை மணந்துகொண்டவரைத் தனக்கே தரும்படி கேட்கிறவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அங்கே பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

முழங்காலில் நின்றால் வார்த்தையே வருவதில்லை. ஐந்து நிமிடத்தில் தூக்கம் வருகிறது.

முழங்காலில் நிற்காதீர்கள், நடந்துகொண்டே ஜெபியுங்கள். படுக்கப்போகும் நேரத்துக்கு ஒத்திவைக்காமல் விழிப்பான வேளையைத் தேர்ந்தெடுங்கள். சொந்த வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். அந்த இடத்தில் உங்கள் காரியத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆறு வசனங்கள்தான், தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும்.