மருந்தை நிறுத்தியும் கறியில் எச்சம் வருமா?

கேள்வி: கறிக்கோழிகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். மருந்தை நிறுத்தி, லேபிளில் போட்டிருந்த நாட்கள் கழித்துத்தான் பிடித்தேன். ஓர் ஆய்வகம் எச்சம் இல்லை என்கிறது, இன்னொன்று இருக்கிறது என்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில், இரண்டு பேரும் எந்தப் பாகத்தைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். இந்த மருந்து நெஞ்சுக்கறியைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம் தங்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பே கிலோவுக்குக் கறியில் 200, ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1200 மைக்ரோகிராம்.

ஒரே பாகம்தான் என்றால், பிரித்தெடுத்த முறையைக் கேளுங்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியம், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும், புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அரைத்த கறியில் இரண்டு மூன்று கிராம் எடுத்து, எடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த லேசான அமிலக் கரைசலில் நன்றாகக் குலுக்குவார்கள். எடிடிஏ உலோகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, மருந்து விடுபட்டுக் கரைசலுக்கு வரும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சக்கை அடியில் படியும். மேலே தெளிந்ததைச் சிறு வடிகுழலில் விட்டு, அழுக்கைக் கழுவி, மருந்தை மட்டும் மெத்தனாலில் இறக்கிக் கருவிக்கு அனுப்புவார்கள். எடிடிஏ சேர்க்காமல் விட்டால் மருந்தில் கணிசமான பங்கு சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். அறிக்கை மட்டும் சுத்தமாக வரும்!

மருந்தில்லாத கறியில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று ஆய்வகம் பார்த்திருக்க வேண்டும். அந்த மீட்பு விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்டறியும் வரம்பையும் கேளுங்கள். ‘இல்லை’ என்றால் அந்த வரம்புக்குக் கீழே என்றுதான் பொருள்.

‘இருக்கிறது’ என்றவர்கள் பாக்டீரியா வளர்த்த தட்டில், வளர்ச்சி தடைபடுகிறதா என்று மட்டும் பார்த்தார்களா? அது முதற்கட்டச் சல்லடைதான். ஈரல், சிறுநீரகத்தில் இயல்பாக உள்ள லைசோசைம் என்ற நொதிகூட பாக்டீரியாவைத் தடுத்து ஏமாற்றும். மருந்தைத் தனியே பிரித்து அடையாளம் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் பண்ணை. நிறுத்திய பிறகு தொட்டியையும் நிப்பிள் குழாயையும் அலசினீர்களா? குழாயில் மருந்துத் தண்ணீர் நின்றிருந்தால் உங்கள் நாள் கணக்கே தப்பு. கோழிக்கழிவோடு கிடக்கும் கூளத்தைக் கோழி கொத்தினாலும் மருந்து திரும்ப உள்ளே போகும்.